பட்டத்து யானைக்கு ஒரு வாடகை வீடு

வெகு காலத்துக்கு முன்னால் குடைக்காட்டூர்ச் சீமையை விசயகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காதுக்கு முதலில் எது வந்து விழுகிறதோ அதுதான் அவருக்கு வேதம். பட்டத்து யானை கஜவல்லிக்குப் பாகன் வேலாண்டி. அரண்மனையை ஒட்டிய கோட்டை வாசல் தெருவில் குடியிருந்தவன். அந்தத் தெரு வீடெல்லாம் பிரதானி திருவேங்கடத்துக்குச் சொந்தம். மனிதர் வருஷா வருஷம் வாடகையை ஏற்றிக்கொண்டே போனார். வேலாண்டியின் சம்பளம் முழுக்க வாடகைக்கே சரியாய்ப் போக, அவன் ஒரு காதம் தள்ளிப் பாறைப்பட்டியில் குடிசை போட்டான். அங்கிருந்து நடந்து வருவதற்குள் வெயில் ஏறிவிடும்.

"இந்த வேலைக்காரர்களே சோம்பேறிகள், மகாராஜா" என்று திருவேங்கடம் ஓதிவிட்டார்.

ராஜா வேலாண்டியைக் கூப்பிட்டார். "நாளை மறுநாள் முதல் விடியற்காலை சங்கு ஊதும்போது நீ கஜவல்லி பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வேறு பாகன்."

குட்டியிலிருந்து வளர்த்தவளை இன்னொருத்தன் கையில் விடுவதா? வேலாண்டி நின்று யோசித்தான். "அவள் பக்கத்தில் நின்றால் போதுமா, மகாராஜா?"

"போதும்."

ஆள் நேரே போய் மனைவி சிட்டம்மாளின் தோட்டை விற்றான். பணத்தோடு திருவேங்கடத்தின் வீட்டுக்குப் போய், பின்கட்டை ஒரு மாதத்துக்குக் கேட்டான்.

"எத்தனை பேர்?"

"நான், என் பெண்சாதி, நான் வளர்க்கிற ஒருத்தி. மூணு பேர் ஐயா."

"கறி, மீன் சமைக்கக் கூடாது."

"அவள் சுத்த சைவம்."

"சுவரில் ஆணி அடிக்கக் கூடாது."

"ஒருநாளும் அடிக்க மாட்டாள். தண்ணீர் மட்டும் கொஞ்சம் தாராளமாய்ச் செலவாகும்."

"அப்படியானால் அவளுக்கு இரண்டு பணம் கூட" என்று வாங்கி முடிந்துகொண்டார் திருவேங்கடம். அந்தச் சீமை வழக்கப்படி, குடிவந்து பால் காய்ச்சிவிட்டால் மாதம் முடியும்வரை யாரும் கிளப்ப முடியாது.

மறுநாள் சிட்டம்மாள் பால் காய்ச்சினாள். பால் பொங்கிய கையோடு கஜவல்லி உள்ளே நுழைந்தாள். சாயங்காலத்துக்குள் கொல்லை வாழையெல்லாம் காலி, கிணறு பாதி. பட்டத்து யானையை அதட்டினால் ராஜாவையே அதட்டின மாதிரி. திருவேங்கடம் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தார். விடியற்காலை சங்கு ஊதியபோது வேலாண்டி கஜவல்லியின் பக்கத்தில்தான் நின்றான்.

பொழுது விடிந்ததும் பிரதானி சபைக்கு ஓடினார். ராஜா வேலாண்டியை வரவழைத்து, கண் சிவந்து, "என் யானையைக் குடிவைக்க உனக்கு என்ன துணிச்சல்?" என்றார்.

வேலாண்டி கும்பிட்டான். "உத்தரவுப்படிதான் நின்றேன் மகாராஜா. பக்கத்தில் குடியிருக்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் நான் இருக்கிற இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மாதம் முடிந்தால் பாறைப்பட்டிக்கே போய்விடுவோம். தாங்கள் பவனி போவதென்றால் முதல் நாளே சொல்லியனுப்புங்கள், மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறோம்."

ராஜா சமையற்காரரையும் வாயிற்காவலனையும் கூப்பிட்டு, எங்கே குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஆற்றுக்கு அக்கரை, ஒருவன் மலையடிவாரம்.

"என்னிடம் அறிவாளி என்று சம்பளம் வாங்குகிறவர்கள் இருபது பேர்" என்றார் ராஜா. "ஒருவன்கூட இதைச் சொல்லவில்லை. வேலாண்டி, நீ ஆண்பிள்ளையடா."

இனி அந்தத் தெரு வீடுகள் அரண்மனை வேலையாட்களுக்குத்தான், சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் வாடகை கூடாது என்று தீர்ப்பாயிற்று. பின்கட்டு வேலாண்டிக்கு நிரந்தரம். திருவேங்கடம் பொங்கல்வரை பாறைப்பட்டிக் குடிசையில் இருந்து, பல்லக்கு இல்லாமல் நடந்தே சபைக்கு வர வேண்டும்.

முதல் நாள் அவர் வந்து சேர்ந்தபோது சபை கலைகிற நேரம். ராஜா அவரைக் கிட்டே கூப்பிட்டார். கால் கொப்புளங்களைப் பார்த்தார், உட்கார ஒரு ஆசனம் போடச் சொன்னார். அதன்பிறகு அந்தச் சபையில் யாரும் யாரையும் சோம்பேறி என்று சொன்னதில்லை.