பாஸ் மார்க் வாங்கிய டயர்

“இந்த டயரும் காலை வாரிருச்சு டீச்சர்” என்றார் சவரிமுத்து.

சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்வரை புழுதி. முகத்தில் கோபமும் வெட்கமும் சரிபாதி.

மைமூன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டிருந்தாள்.

சவரிமுத்து கம்பம் ஊரில் இருபத்தெட்டு வருடமாகக் கணக்கு வாத்தியார். கடைத்தெருவில் இறங்கினால் பத்தடிக்கு ஒருவர் ‘வணக்கம் சார்’ என்பார். அப்படிப்பட்டவர் டீச்சர் என்று கூப்பிட்டது, தன்னைவிட இருபது வயது இளையவளை, அதுவும் பத்தாவதில் ஃபெயிலாகிப் பள்ளியை விட்டு நின்றவளை.

அவளிடம் ஒன்று கேட்டால் பதில் வராது, வீட்டுப்பாடம்தான் வரும். அந்தத் தொல்லை தாங்காமல் சைக்கிள்காரர்கள் வைத்த பெயர் அது.

அவளுடைய சைக்கிள் கடை மலையடிவாரத்தில், தார் ரோடு முடிந்து ஜல்லிப் பாதை தொடங்கும் இடத்தில் இருந்தது.

அந்தப் பாதையில்தான் சவரிமுத்து சனிக்கிழமைதோறும் மேலே போவார். சங்குமலை ஏலத்தோட்டத்தில் பதினோரு பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறார்கள். பதினோரு பேருக்கும் கணக்கு வராது. மார்ச்சில் அரசுத் தேர்வு. ஜீப்பில் மலையைச் சுற்றிப் போனால் அரைநாள் அதிலேயே போய்விடும். அதனால் எந்தப் பாதையிலும் ஓடும் என்று சொன்னார்களே என்று கிராவல் பைக் என்கிற சைக்கிள் ஒன்றை வாங்கினார்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று மனிதர்களைத்தான் சொல்வார்கள். சவரிமுத்துவுக்கு அமைந்த பாதையே அப்படி. ஒன்பது கிலோமீட்டர் தார். நாலு கிலோமீட்டர் ஜல்லி. அப்புறம் ஓடையோரத்து மணல். கடைசியில் வெயிலே படாத களிமண், வருடம் முழுக்க ஈரம்.

நவம்பரில் அந்தக் களிமண்ணில்தான் சறுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. ஏழு சனிக்கிழமை போயிற்று.

சூடு கண்ட பூனையாகிவிட்ட மனிதர், எலும்பு கூடியதும் முதல் வேலையாகப் பழைய டயரைக் கழற்றி எறிந்துவிட்டு, டிராக்டருக்குப் போடுவதைப் போல மேலெல்லாம் குமிழ் குமிழாக ஒரு பட்டன் டயரை வாங்கி மாட்டினார். இன்றைக்கு அதில் கிளம்பினார். தாரில் அது ஒன்பது கிலோமீட்டரும் உறுமிக்கொண்டே கால் பலத்தை உறிஞ்சியது. ஜல்லியில் ஏறியதும் பந்துபோல எகிறி எகிறி அவரை ஓரத்துப் புதருக்குத் தள்ளியது. களிமண் இன்னும் எத்தனையோ தூரம் இருக்க, பயத்தில் திரும்பிவிட்டார்.

எட்டாவது சனிக்கிழமையும் போயிற்று. மேலேயிருந்து அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண் யாருடைய செல்போனையோ வாங்கி, “சார், போர்டைத் தொடைச்சு வச்சுட்டோம், வர்றீங்களா?” என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவர் அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

“எனக்குத் தேவை ஒரே ஒரு டயர்” என்றார். “நாலு பாதையிலும் போகணும், விழக் கூடாது. இன்னொருக்கா விழுந்தா இந்த வருசம் அந்தப் பிள்ளைக கதை முடிஞ்சுது.”

பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். மார்க் ஷீட். ஒன்பது டயர்கள், நாலு பாடம்: தார், ஜல்லி, மணல், களிமண். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் செல்போனில் படித்து, ஒவ்வொரு பாடத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று போட்டு, கூட்டி, ரேங்க் எழுதியிருந்தார். தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு.

“முதல் ரேங்க் அந்தப் பழைய டயர், அது என்னைத் தள்ளிவிட்டிருச்சு. ரெண்டாம் ரேங்க் இன்னைக்குத் திருப்பி அனுப்பிருச்சு. மூணாவதைப் போடலாமா?”

மைமூன் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல ஃபெயில் யாரு சார்?”

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டயருக்கு ஏதும்மா ஃபெயில்? ரேங்க்தான் பார்க்கணும்.”

‘டீச்சர்’ போய் ‘ம்மா’ வந்ததை அவள் கவனித்தாள். தாளை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

“பையில சாக்பீஸ் இருக்கா?”

இல்லாமல் போகுமா? சட்டைப்பையில் துண்டு துண்டாக மூன்று கிடந்தன. அவள் ஒன்றை எடுத்து, முன் டயரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டாள். பின் டயரிலும் ஒன்று.

“ஜல்லியில முதல் வளைவு மட்டும் போயிட்டு வாங்க.”

போனார். எகிறிக்கொண்டே போய், எகிறிக்கொண்டே வந்தார்.

மைமூன் சக்கரத்தை மெல்லச் சுற்றிக் கோட்டைக் காட்டினாள். நடுவில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு அழிந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் சாக்பீஸ் போட்டது போட்டபடி இருந்தது.

“இம்புட்டு அகலத்துல டயர் வாங்கி, இத்துணூண்டு இடத்துல நிக்கிறீங்க. காத்து எம்புட்டு?”

சவரிமுத்து கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை. இருபத்தெட்டு வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் தானே பம்ப் அடிப்பவர். அந்தப் பெருமை குரலில் வந்தது.

“எண்பது பவுண்டு. கல்லு மாதிரி இருக்கும்.”

மைமூன் குனிந்து ஒரு உருண்டைக் கல்லை எடுத்தாள். கடையோரத்தில் ரோடு போட்டு மிஞ்சிய ஜல்லிக் குவியல் இருந்தது. கல்லை அதன்மேல் போட்டாள்.

அது துள்ளியது. இன்னொரு முறை துள்ளியது. உருண்டு வந்து சவரிமுத்துவின் செருப்பில் நின்றது.

பிறகு ஆணியில் தொங்கிய பழைய டியூபை எடுத்தாள். பாதிக் காற்று இருந்தது. அதையும் குவியலின்மேல் போட்டாள். தொப்பென்று விழுந்து, அங்கேயே கிடந்தது.

“கல்லு மேல கல்லு நிக்குமா சார்?”

ஊரில் எந்தக் கடையிலும் காற்றடித்ததும் கட்டைவிரலால் அழுத்தி, கல்லு மாதிரி இருக்கு என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அது பாராட்டு என்றே சவரிமுத்து இதுவரை நினைத்திருந்தார்.

நம்பிக்கையோடு நிமிர்ந்தார். “அப்ப டயர்ல குத்தமில்ல. காத்தைக் குறைச்சா இதே பட்டன் டயர் போதும்.”

“அந்தத் தாளை எடுங்க. சிவப்புப் பேனாவும் எடுங்க.”

எடுத்தார்.

“இப்பச் சொல்லுங்க. ஃபெயில் யாரு?”

இந்த முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியார் கை தானாகவே முப்பத்தைந்துக்குக் கீழே தேட ஆரம்பித்தது. பட்டன் டயர், தாரில் பதினெட்டு. வட்டம். மூன்றாம் ரேங்க், மணலில் முப்பது. வட்டம். முதல் ரேங்க்குக்கு வந்தார். தார் தொண்ணூற்றேழு, ஜல்லி தொண்ணூற்றொன்று, மணல் எண்பது. களிமண், இருபத்திரண்டு.

பேனா அங்கேயே நின்றுவிட்டது. காறை எலும்பு லேசாக வலித்தது.

“நான் வாங்குனதும் இருபத்திரண்டுதான் சார்” என்றாள் மைமூன். “கணக்குல. தமிழ் தொண்ணூத்தொண்ணு, சமூக அறிவியல் தொண்ணூத்தி மூணு. கூட்டிப் பாத்தா ஸ்கூல்லயே நாலாவது ரேங்க். என்னைப் பெத்த அத்தா அந்தத் தாளை வச்சுக்கிட்டு ரொம்ப நாள் கூட்டிக்கிட்டே இருந்தாரு.”

அவள் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். அந்த வருடம் தேடிவந்து சொல்லிக்கொடுக்க இவளுக்கு யாரும் இல்லையே என்று சவரிமுத்து நினைத்தார். ஆயிரம் தாள் திருத்திய கை, நான்கு பாடத்தையும் கூட்டிவிட்டு ஃபெயிலைப் பார்க்கவே மறந்ததற்குத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

முதல் ரேங்க்கைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு மீதியையும் திருத்தினார். எட்டு வட்டம் விழுந்தது.

வட்டம் விழாதது ஒன்றுதான். ஆறாவது ரேங்க். அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு.

“இது எந்தப் பாடத்துலயும் முதல் கிடையாதே” என்றார், ஆனாலும் மனசு கேட்காமல்.

மைமூன் ஏற்கெனவே அதைப் பரணிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். பார்வைக்குச் சாதாரணம். நாற்பது மில்லிமீட்டர் அகலம். நடுவில் அரத்தின் முகம்போலப் பொடிக் கோடுகள், தாரில் இழுக்காமல் உருள. பட்டன் இரண்டு ஓரத்தில் மட்டும், அதுவும் சேறு சிக்காமல் உதிரும்படி தள்ளித் தள்ளி.

மாட்டினாள். பம்பை வைத்தாள். அவர் தானே அடிப்பதாகச் சொல்லி வாங்கினார். பழக்கதோஷத்தில் கை வேகமெடுத்தது. அவள் அவர் மணிக்கட்டைத் தொட்டு நிறுத்தினாள்.

பம்பின் முள் முப்பத்தைந்தில் நின்றது.

“வெறும் பாஸ் மார்க்கா?”

“உங்க எடைக்கு அம்புட்டுத்தான். பாஸ் பண்ணாப் போதும்ல?”

குறுக்கே புதிதாக ஒரு சாக்பீஸ் கோடு போட்டாள். முதல் வளைவுவரை போய் வந்தார். கோடு நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே சீராக மங்கியிருந்தது. அவர் செல்போனை எடுத்து அந்தப் பெண்ணுக்கு, அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணி என்று மட்டும் அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை நாலரை மணிக்கு மலையிலிருந்து இறங்கிவந்தார். வேட்டியைச் சரிசெய்வதைப் போலக் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, முக்காலியில் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

பதினோரு பேரும் வந்திருந்தார்களாம். காரணிப்படுத்தல் இருக்கிறதே, அதை இத்தனை நாளாக எல்லாருமே ஒரே இடத்தில் தப்பாகச் செய்திருக்கிறார்களாம். அந்த இடம் பிடிபட்டதும் பாதி வகுப்பு சிரித்துவிட்டதாம். சின்னதாக ஒரு தேர்வு வைத்தாராம். ஒன்பது பேர் பாஸ். ஒருவன் முப்பத்துமூன்று. போர்டைத் துடைத்து வைத்த பெண் இருபத்தேழு. அவளுக்கு வரைபடம் நன்றாக வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்துவிடலாம். நாளைக்கே இன்னொரு முறை போகலாமா என்று யோசிக்கிறாராம்.

மைமூன் எல்லாவற்றையும் கேட்டாள். பின் டயரில் காய்ந்திருந்த களிமண்ணை விரலால் தட்டினாள். அது பொலபொலவென்று உதிர்ந்தது.

“டயர் எப்படி இருந்துச்சு சார்?”

சவரிமுத்து புரியாமல் அவளைப் பார்த்தார்.

“எந்த டயர்?” என்றார்.