பச்சை விளக்கு எரிந்த வாரம்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. மாற்றிச் சொல்லியிருந்தால் பாளையங்கோட்டையே நம்பியிருக்கும். என்ன செய்வது, நடந்தது இப்படித்தான். சங்கரநயினார் ஜெபசீலியை "டீச்சர்" என்பார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

ஜெபசீலி 'விரைவு' என்றொரு வெப்சைட் நடத்திவந்தாள். இணையப் பக்கங்கள் ஏன் மந்தமாகின்றன, சர்வர்கள் ஏன் படுத்துக்கொள்கின்றன, அவற்றை ஓயாமல் ஓடவைக்கும் டெவ்ஆப்ஸ் வேலை எப்படிப்பட்டது என்பதையெல்லாம் தமிழில் இலவசப் பாடங்களாகப் போட்டாள். மனைவி சாரதா இறந்துபோன பிறகு, பொழுதைத் தள்ள முடியாமல் அந்தப் பாடங்களுக்குள் வந்து விழுந்தவர் நயினார். படித்தார், தேறினார். இப்போது 'விரைவு' ஓடும் சர்வரே அவர் பொறுப்பில். துறையில் என்ன புதிது, எதைப் படிக்கலாம் என்று வாரம் ஒரு செய்தித் தொகுப்பும் எழுதினார்.

அதை விட்டால் அவருக்கு வேறு போக்கில்லை. பெருமாள்புரத்து வீட்டில் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிடுவான்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்ப்பா."

உட்காருவதற்குள் பேச்சு முடிந்துவிடும். தொகுப்பைப் படித்த யாராவது "நன்றி சார்" என்று இரண்டு வார்த்தை அனுப்பினால், அதை அவர் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் படிப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மத்தியானம் முகம் செத்துப்போய் ஜெபசீலியின் மாடி அறைக்கு ஏறி வந்தார். செல்போனை நீட்டினார். நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'சார், திங்கட்கிழமையிலிருந்து பாடம் எதுவுமே திறக்கவில்லை. நீங்கள் மூடிவிட்டுப் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்.'

அன்று வெள்ளிக்கிழமை.

"பச்சை விளக்குதான் டீச்சர் எரிஞ்சிச்சு. காலையில எந்திரிச்சதும் அதத்தான் பாக்குதேன்."

அவர் சொன்ன விளக்கு அவரே திரையில் வைத்தது. காவலுக்கு இருக்கும் ஒரு நிரல் நிமிடத்துக்கொரு தரம் வெப்சைட்டிடம் 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்கும். 'நலம்' என்று பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு.

"நலம்னு பதில் சொல்லுதது எது?" என்றாள் ஜெபசீலி.

"அதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு. நாந்தான் எழுதுனேன்."

"திறங்க."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒரே வரி. யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் 'நலம்' என்று சொல்லும் வரி. பாடங்கள் இருக்கும் டேட்டாபேஸ் பக்கம் அது தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"ஏன் அண்ணாச்சி இப்படி எழுதுனிய?"

"கேட்ட உடனே பதில் வரணும்னுதான். ஒவ்வொரு தடவையும் உள்ள போய்ப் பாத்துட்டு வந்தா நேரமாகும்லா. ஊருக்கெல்லாம் வேகத்தப் பத்திப் பாடம் நடத்துதோம், நம்ம பக்கமே இழுத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். நயினாருக்கே அது உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தப் பொறுப்ப வேற யாருகிட்டயாவது குடுத்துருங்க டீச்சர்."

சொல்லிவிட்டாரே தவிர, கண் திரையை விட்டு நகரவில்லை. இதுவும் போய்விட்டால் நாளைக்குக் காலையில் எழுந்து எதைப் பார்ப்பது?

ஜெபசீலி எழுந்தாள். பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அவரால் தாங்க முடியவில்லை. "உள்ள எல்லாம் செத்துக் கிடக்கு. அப்புறம் எப்படி டீச்சர் அது நாலு நாளா நலம் நலம்னு சொல்லுச்சு?"

"அண்ணாச்சி, எப்படி இருக்கிய?"

"நல்லா இருக்கேன் டீச்சர்."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. நயினார் அதைக் கவனிக்கவில்லை. ஜெபசீலி தன் டீயைக் குடித்தாள்.

"மொதல்ல அந்தப் பக்கத்த மாத்துங்க," என்றாள்.

மாற்றினார். இனி யாராவது கேட்டால் அது உள்ளே போய், ஒரு பாடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் வாய் திறக்கும். மாற்றி முடித்ததும் விளக்கு சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து நயினாருக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. பிறகு தேடிப் பிடித்தார். டிஸ்க் நிரம்பி வழிந்து டேட்டாபேஸ் மூச்சுத் திணறிக் கிடந்தது. வேண்டாததை அழித்துவிட்டு எழுப்பினார். பாடங்கள் திறந்தன. விளக்கு மறுபடி பச்சையானது.

அந்தப் பெண்ணுக்கு எழுதினார்: 'மூடவில்லை அம்மா. மன்னிக்கவும். இப்போது திறந்து பாருங்கள்.'

"முன்ன மாதிரி சட்டுனு பதில் வரல டீச்சர். நேரமாகுது."

"ஆகட்டும்."

சற்றுப் பொறுத்து அவளே கேட்டாள். "இந்த வாரத் தொகுப்புல மொதச் செய்தி என்ன?"

"நான் வேண்டாம்னுல்லா சொன்னேன்..."

"காதுல விழுந்துச்சு. மொதச் செய்தி என்ன?"

நயினார் திரையைப் பார்த்தார். "நம்ம சைட்டு விழுந்த கதைதான். எதனால விழுந்துச்சு, எப்படித் தெரியாமப் போச்சுன்னு எழுதுதேன்."

"எழுதுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலில் குனிந்து செருப்பில் கால் நுழைத்தார்.

"அண்ணாச்சி."

திரும்பினார்.

"எப்படி இருக்கிய?"

"நல்லா..."

அதற்குமேல் வரவில்லை. கை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டது. காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் கவிழ்த்தது ஞாபகம் வந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. எப்படி இருக்கீங்க என்று கேட்டவர்களுக்கும் அவர் நேரம் கொடுத்ததில்லை.

மாட்டிய செருப்பைக் கழற்றினார்.

"நேரமாகும் டீச்சர்," என்றார்.

ஜெபசீலி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஆகட்டும்."