தெரிந்தேயா, அறிந்தேயா?

“டீச்சர், ‘தெரிந்தே’ன்னு போடறதா, ‘அறிந்தே’ன்னு போடறதா?”

கேட்டவர் அறவாழி. சட்டங்களுக்கு வாசகம் எழுதித் தருவது அவர் வேலை. ஒரு காற்புள்ளிக்காக மூன்று நாள் சண்டை போடுகிற மனுஷர்.

சகாயமேரி அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை அறையின் ஆலோசகர். அறவாழியைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் அங்கே வருகிற எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

“அப்புறம், வெளியே ஏன் பெஞ்செல்லாம் காத்தாடுது? போன மாசம் நிக்க இடமில்லையே?”

சகாயமேரி அவர் கையிலிருந்த வரைவுத் தாளைக் காட்டினார்.

“வாக்கியத்தைப் படிங்க சார்.”

அந்த வாக்கியம் போன வாரமே செய்தித்தாளில் வந்துவிட்டது. இருந்தாலும் படித்தார்.

“தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தே பிறருடன் உறவுகொள்பவருக்குப் பத்தாண்டுச் சிறை.”

நிமிர்ந்தார்.

“பழைய சட்டம் எல்லாரையும் உள்ளே தள்ளிச்சு. இனிமே தெரியாதவன் தப்பிச்சுக்குவான். சீர்திருத்தம்னா இது!”

அவருக்கு ஒரே பெருமை. சகாயமேரி கேட்டார்:

“ஒருத்தர் டெஸ்ட் எடுத்து, மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடறார். அவர்கிட்டேருந்து இனி யாருக்கும் பரவாது. அவர்?”

“அவருக்குத் தெரியுமே. உள்ளேதான்.”

“டெஸ்டே எடுக்காம நாலு பேருக்குப் பரப்பினவர்?”

“அவருக்குத் தெரியாதே. பாவம்.”

சகாயமேரி தலையாட்டினார். பஞ்சையும் ஊசியையும் எடுத்து வைத்தார்.

“விரலை நீட்டுங்க சார். வந்ததுதான் வந்தீங்க.”

அறவாழி சிரித்துக்கொண்டே நீட்டினார்.

“இருபது நிமிஷத்துல ரிசல்ட். வாங்கினதுக்கு இந்த ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். நாளைக்குக் கோர்ட்ல, உங்களுக்குத் தெரியும்ங்கறதுக்கு அதான் சாட்சி.”

சிரிப்பு நின்றது.

டெல்லியில் தனியாக இருந்த ஆறு மாதம் அவருக்கு நினைவு வந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் மனைவி சாப்பிடாமல் காத்திருப்பதும் நினைவு வந்தது. பயமாக இருந்தது.

விரலை மடக்கிக்கொண்டார்.

“வேண்டாம் டீச்சர். தெரிஞ்சுக்கிட்டு என்ன ஆகப்போகுது?”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

சகாயமேரி ஊசியை மூடவில்லை.

“ரெண்டு கேள்வி கேட்டீங்க சார். எதுக்குப் பதில் வேணும்?”

அறவாழி காலி பெஞ்சைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். ‘அறிந்தே’யில் கைவைக்கவில்லை, வாக்கியம் முழுவதையும் அடித்தார்.

பிறகு விரலை நீட்டினார்.