புலியை மலையேற்றிய சடைச்சி

பனிமலையின் அடிவாரத்தில் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. காடு முடிந்து பனி தொடங்கும் இடத்தில் ஒரு புல்வெளி. அங்கே சடைச்சி என்ற மலைப்பசு தன் கன்றோடு மேய்ந்து வந்தது. உடம்பெல்லாம் கரிய மயிர் சடைசடையாகத் தொங்கியதால் அதற்கு அந்தப் பெயர்.

ஒரு நாள் காட்டுப் புலி, நரியைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தது. கன்று தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டது.

தான் சிகரத்தில் ஏறப் போவதாகவும், இறைச்சி மூட்டையையும் படுக்கைத் தோல்களையும் சடைச்சிதான் சுமக்க வேண்டும் என்றும் புலி சொன்னது. மறுத்தால் கன்றுக்கு நல்லதல்ல என்று நரி மெதுவாகச் சேர்த்துச் சொன்னது.

சடைச்சி கன்றைப் பார்த்தது. முதுகைத் தாழ்த்தியது.

பனி எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் அக்கா வெள்ளச்சி ஒரு கரடிக்குச் சுமை தூக்கிப் போய், பனிப்பிளவில் விழுந்து செத்தது. திரும்பி வந்த கரடி தன் வீரத்தை ஒரு மாதம் பேசியது. வெள்ளச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்று நாள் ஏறினார்கள். சடைச்சிதான் முன்னால் போனது. ஒவ்வோர் அடிக்கும் முன்குளம்பால் பனியைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டது. கீழே வெற்றிடம் என்று தெரிந்தால் பின்வாங்கியது. சுற்றிப் போனது. ஆமை வேகம் என்று நரி முணுமுணுத்தது. ஆனாலும் புலியும் நரியும் அதன் குளம்படியை விட்டு ஒரு விரற்கடை விலகவில்லை.

நான்காம் நாள் காலை சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

"நீ இங்கேயே நில்," என்றது புலி. "உன் குளம்படி மேலே பதிந்தால், மாடு கூட்டி வந்தது என்று ஊர் பேசும்."

"மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள், ஐயா," என்றது சடைச்சி. "மேகம் இறங்கினால் வழி தெரியாது."

மதியம் கடந்தது. அவர்கள் வரவில்லை. மேகம் வந்தது. சடைச்சிக்குத் தன் குளம்புகளே தெரியவில்லை. மேலே எங்கிருந்தோ புலி கர்ஜித்தது. உடனே பனிக்கட்டி ஒன்று சடைச்சியின் காதை உரசிக்கொண்டு உருண்டு போனது. இன்னும் இரண்டு முறை கத்தினால் மலைச்சரிவு மொத்தமும் பெயர்ந்து வந்துவிடும். கீழே கன்று காத்திருக்கிறது. இறங்கிப் போய்விடலாம்.

அடுத்த கர்ஜனை நடுங்கிக்கொண்டு வந்தது. சடைச்சி மேல்நோக்கி நடந்தது.

நரி ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தது. புலியின் பின்னங்கால்கள் பள்ளத்துக்கு மேல் தொங்கின. நகங்கள் மட்டும் பனியில் மாட்டியிருந்தன. சடைச்சி திரும்பிக் குளம்புகளை ஊன்றி வாலை இறக்கியது.

"சத்தம் போடாதீர்கள், பனி சரியும். வாலைக் கவ்விக்கொள்ளுங்கள்."

புலியின் பற்கள் வாலில் பட்டதும் சடைச்சிக்கு மயிரெல்லாம் சிலிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து மேலே ஏற்றி, பனியைத் தட்டித் தட்டி முன்னால் இறங்கியது. நரியும் பின்னால் ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக்கொண்ட புலி, புல்தரை வரும்வரை வாயைத் திறக்கவேயில்லை.

காட்டுக்குள் போனதும் திறந்தது. தன்னந்தனியாக ஏறிய கதையைச் சொன்னது. நரி ஆமாம் போட்டது. மேகத்தில் எப்படி வழி தெரிந்தது என்று ஒரு குரங்கு கேட்டதற்கு, என் பாதத்துக்குத் தெரியாத பாதை உண்டா என்றது புலி. சொல்லிச் சொல்லி, அடுத்த கோடைக்குள் அந்தக் கதையைப் புலியே நம்பிவிட்டது.

அந்தக் கோடையில் மறுபடி சிகரத்துக்குப் புறப்பட்டது. நரி காலில் முள் என்று சொல்லி நின்றுகொண்டது. புல்வெளியில் புலியைக் கண்ட சடைச்சி, கன்றைப் புதருக்குள் தள்ளிவிட்டு, பயத்தோடு அருகே போனது.

"பனி இடம் மாறியிருக்கிறது, ஐயா. போன வருடத்து வழி உதவாது. நான் முன்னால் வருகிறேன்."

"மாடு எனக்கு வழி காட்டுவதா?" என்று கேட்டுவிட்டுப் புலி நடந்தது.

இரண்டாம் நாள் மேகம் இறங்கியது. சடைச்சி மேயாமல் மலையையே பார்த்து நின்றது. ஒரே ஒரு கர்ஜனை கேட்டது. பிறகு பனி சரியும் ஓசை, நெடுநேரம். அதன் பிறகு ஒன்றுமில்லை. கன்று தாயோடு ஒட்டிக்கொண்டது.

பத்து நாள் கழித்து நரி நான்கைந்து விலங்குகளோடு வந்தது. "புலியாரைத் தேட வேண்டும், அம்மா. எங்களைக் கூட்டிப் போவீர்களா?"

"வருகிறேன்," என்றது சடைச்சி. "திரும்பி வந்ததும், கூட்டிப் போனது யார் என்று காட்டில் சொல்ல வேண்டும்."

நரி அண்ணாந்து பனியைப் பார்த்தது. வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, சொல்கிறேன் என்றது.

நீதி: வழி நடத்தியவரை மறைத்துப் பெருமை பேசுபவர், கடைசியில் தம் பொய்யைத் தாமே நம்பி அழிவார்.