கைதட்டல் பிறந்த பள்ளம்

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதரும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்ட நாளில், இன்று நம் ஊர்ப் பூங்கா இருக்கும் இடம் வெறும் பாறைக்காடு. நடுவில் கிண்ணம்போல ஒரு பள்ளம். மூன்று வருடம் மழை பொய்த்தபோது அந்தப் பள்ளத்தின் அடியில் மட்டும்தான் ஊற்று கசிந்தது. ஊற்றை ஒட்டி ஒரு சிறுத்தை வந்து படுத்துக்கொண்டது.

"ஒரு நாளைக்கு ஒருவர் இறங்கலாம். பேசிக்கொண்டே தண்ணீர் பிடிக்க வேண்டும். சத்தம் காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை கண்ணை மூடியிருப்பேன். சத்தம் நின்றால் பாய்வேன்" என்றது.

செம்பாயியின் கணவன் மாசிலான் ஒரு தும்மலில் போனான். தும்மி முடித்து அடுத்த சொல்லை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பதினோராம் நாள் செம்பாயியின் முறை. வீட்டில் கைக்குழந்தைக்கு நாக்கு வறண்டு கிடந்தது. ஊர் முழுக்கப் பள்ளத்தின் விளிம்பில் நின்றது. மாசிலானின் தங்கை வேலாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதையாச்சும் சொல்லிக்கிட்டே இருங்க அண்ணி. நிறுத்திராதீங்க."

செம்பாயி இறங்கினாள். தன் ஆடுகளின் பெயர்களைச் சொன்னாள். செத்துப்போன ஆடுகளின் பெயர்களையும் சொன்னாள். தண்ணீரோ சொட்டுச் சொட்டாகத்தான் குடத்தில் விழுந்தது. சிறுத்தையின் மூச்சு அவள் கணுக்காலைச் சுட்டது. பாதிக் குடத்தில் தொண்டை காய்ந்துவிட்டது. வேறு பேச்சில்லாமல், "எங்க வீட்டுக்காரரு..." என்று தொடங்கினாள். அதற்குமேல் குரல் எழவில்லை.

சிறுத்தை கண்ணைத் திறந்தது.

மேலே படாரென்று ஒரு சத்தம். வேலாத்தாள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அடித்திருந்தாள். மறுபடி அடித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் அடித்தார்கள். பாறையில் மோதிய சத்தம் பள்ளத்துக்குள் பெருமழையாக இறங்கியது.

சிறுத்தை எழுந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "யார் பேசுவது? எத்தனை பேர்?"

"ஊரே பேசுது" என்றாள் செம்பாயி, காற்றாய் வந்த குரலில். குடத்தை விடவில்லை.

வாலை ஒடுக்கிக்கொண்டு சிறுத்தை பாறை இடுக்கில் நுழைந்தது. குடம் நிரம்பி அவள் மேலேறும்வரை ஒரு கையும் ஓயவில்லை.

இனி இறங்குபவரைத் தனியே விடக்கூடாது என்று ஊரார் சரிவைச் சுற்றி வட்டமாகப் படி வெட்டி உட்கார்ந்தார்கள். பூங்காவின் திறந்தவெளி அரங்கில் நாம் உட்காரும் படிகள் அவைதான். அன்று முதல்தான், கீழே நிற்பவரின் குரல் ஓய்ந்த கணமே மேலே இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். இடுக்கில் நுழைந்த சிறுத்தை வெளியே வந்ததை இதுவரை யாரும் பார்க்கவில்லை.