முதுகு காட்டிச் சொன்ன கதை

"என் அரக்கன் மாற மாட்டேங்கிறான், ஆசானே" என்றான் வேம்பன்.

தும்பை ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மாறலன்னா விட்டுடுங்க. அவனைப் போட்டு எதுக்கு இந்தப் பாடு படுத்துறீங்க?"

"மாறித்தான் ஆகணும். இல்லன்னா காஞ்சி வர மாட்டா."

காஞ்சி அவன் மனைவி.

வேம்பனுக்குத் தலை நரைத்துவிட்டது. தும்பைக்கு அவன் மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் ஆசான் அவள்தான்.

அந்தப் பக்கத்தில் வேம்பனை மிஞ்சின கதைக்காரன் கிடையாது. பேய், பிசாசு, ரத்தம், சாபம் எல்லாம் அவன் வாயில் கட்டிப்போட்ட நாய் மாதிரி நிற்கும். தும்பையோ ஒரு கதைகூடச் சொன்னதில்லை. கேட்பாள். அவ்வளவுதான். அவளிடம் சொன்னால் மட்டும் அவன் கதை ஏனோ இளைத்துப்போகும். ஏன் என்று தெரியாமல்தான் அவளிடம் சீடனாகச் சேர்ந்தான். பல்லு ஆடுற வயசுல பள்ளிக்கூடமா என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும்.

இப்போது காஞ்சி விஷயம்.

ஊருக்குக் கீழே ஒரு மடு. தண்ணீர் மை மாதிரி இருக்கும். அதற்குள் ஒன்று இருக்கிறது. ஊரில் பூதம் என்பார்கள், அதையும் குரலை இறக்கித்தான் சொல்வார்கள். அதற்கு வெளிச்சம் ஆகாது. கரையில் விளக்கை வைத்தால் தானாக அணைந்துவிடும்.

பனி இறங்கும் நாட்களில் அந்த ஊர் வேறு மாதிரி ஆகிவிடும். பறவைகள் பறக்காமல் நடந்து போகும். கூப்பிட்ட குரல் கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கும். மடுவிலிருந்து மீன்கள் வெளியே வந்து பனியிலேயே நீந்தும், முழங்கால் உயரத்தில். யாரும் பிடிக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில்தான் பூதம் ஒரு ஆளை எடுத்துக்கொள்ளும். இந்தத் தடவை துணி அலசப் போன காஞ்சியை எடுத்துக்கொண்டது.

மீட்க ஒரே வழி. கதைக்காரன் கரையில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். கதையில் பூதத்தைப் போல ஒருத்தன் வர வேண்டும். முடிவதற்குள் அவன் மாற வேண்டும். மாறினான் என்பதைப் பூதம் நம்ப வேண்டும். பனி விலகுவதற்குள் இது நடக்கவில்லை என்றால் ஆள் கோரைப்புல்லாகக் கரையில் முளைத்துவிடும்.

கரை முழுக்கக் கோரை. அந்தக் கோரையில் யாரும் பாய் முடைவதில்லை.

இன்னொன்று. கதைக்காரன் மடுவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பூதத்தைப் பார்த்தவன் பார்த்த இடத்திலேயே கோரையாகிவிடுவான் என்று பேச்சு. அதனால் அந்த ஊர்க் கதைக்காரர்கள் சின்ன வயசிலிருந்தே முதுகைக் காட்டிச் சொல்லிப் பழகுவார்கள். கல்யாண வீட்டில்கூட அப்படித்தான். கூட்டம் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டு கதை கேட்கும். யாருக்கும் அது வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

வேம்பன் ஏற்கெனவே மடுவுக்குப் போய்த் தோற்று வந்திருந்தான்.

முதலில் சொன்ன கதையில், அரக்கன் ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு மண்ணில் விழுந்து கதறினான். இனி யாரையும் கொல்ல மாட்டேன் என்றான்.

முதுகுக்குப் பின்னால் கல்லோடு கல் உரசுவது போல ஒரு குரல் வந்தது.

"பொய்."

அடுத்த தடவை போனபோது வேம்பன் காரணங்களோடு போனான். அரக்கனைப் பெற்றவள் காட்டில் விட்டுவிட்டாள், சித்தப்பன் சூடு வைத்தான், ஒரு முனிவன் சாபம் கொடுத்தான், எல்லாம் சொன்னான். கதை ரொம்ப நீளம்.

"யாரு கேட்டா?" என்றது குரல்.

இன்றைக்கு இரண்டையும் சேர்த்து ஒரு கதை செய்திருந்தான். நடுவில் ஓர் இடியையும் வைத்திருந்தான். மடுவுக்குப் போவதற்கு முன்னால் ஆசான் ஒரு தடவை கேட்க வேண்டும்.

"சரி, சொல்லுங்க வேம்பண்ணே" என்றாள் தும்பை.

வேம்பன் பாறையில் ஏறி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தொண்டையைச் செருமினான்.

நன்றாகத்தான் சொன்னான். பொய் சொல்லக் கூடாது. அரக்கன் வந்தபோது பனியே கொஞ்சம் கறுத்தது. அரக்கன் தின்றவர்களின் எலும்புகளை வேம்பன் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, நீந்திப் போன மீன்கள் நின்றுவிட்டன. பிறகு இடி. பிறகு அழுகை. அரக்கன் அழுதான், செத்தவர்கள் அழுதார்கள், வேம்பனும் அழுதான்.

"அன்று முதல் அவன் நல்லவனாக வாழ்ந்தான்" என்று முடித்தான்.

பின்னால் சத்தமே இல்லை.

ஆசானுக்கும் தொண்டை அடைத்துவிட்டது போல என்று நினைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. திரும்பினான்.

தும்பை இல்லை. ஆடு நின்றுகொண்டிருந்தது. அதன் வாயில் அவன் துண்டு பாதி போயிருந்தது.

சரிவிலிருந்து இடுப்பில் குடத்தோடு தும்பை ஏறி வந்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"எப்ப போனீங்க?"

"உங்க அரக்கன் அழ ஆரம்பிச்சான்ல, அப்ப."

"அது பாதிக் கதையாச்சே."

"ஆமா. வீட்டுல தண்ணி வேற இல்ல."

"நீங்க போனது எனக்குத் தெரியவே இல்லையே."

தும்பை குடத்தை இறக்கி வைத்தாள். "ஆடு இருந்துச்சுல்ல, கடைசி வரைக்கும்."

"அது துண்டைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு."

"அதுவும் உங்களுக்குத் தெரியல" என்றாள்.

வேம்பனுக்குச் சுள்ளென்று ஏறியது. கட்டினவள் தண்ணிக்குள் கிடக்கிறாள், நீங்கள் ஆட்டை வைத்து விளையாடுகிறீர்கள் என்று கத்தினான். ஓர் அரக்கன் எதனால் மாறுவான், பயத்தாலா, பாசத்தாலா, அடி வாங்கியா, அதை மட்டும் சொன்னால் போதும், போய்விடுகிறேன் என்றான்.

அவன் கத்தி முடியட்டும் என்று தும்பை இருந்தாள்.

"மடுவுல இருக்கே, அது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"பத்துத் தலை. வாயைத் திறந்தா நெருப்பு. நகம் ஒவ்வொண்ணும் ஏர்க்கொழு மாதிரி."

"பாத்தீங்களா?"

"பாத்தா கோரையாயிடுவேன்."

"பாத்தவங்க சொன்னாங்களா?"

"பாத்தவன் கோரை. கோரை எப்படி வந்து சொல்லும்?"

"ம்" என்றாள் தும்பை.

வேம்பன் அவளையே பார்த்தான். "அப்ப பாக்கலாங்கிறீங்களா?"

"எனக்குத் தெரியாது அண்ணே. பாத்தா கோரையாவீங்களோ என்னவோ. நான் பாத்ததில்ல."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆசான் எதுக்கு?"

தும்பை ஆட்டின் வாயிலிருந்து துண்டை இழுத்து உதறி அவனிடம் கொடுத்தாள்.

"ஈரமா இருக்கு. காய வெச்சுப் போட்டுக்கங்க."

குடத்தைத் தூக்கிக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள்.

வேம்பன் சரிவில் இறங்கினான்.

பனி இளகத் தொடங்கியிருந்தது. பனைமரங்களின் தலை மட்டும் வானத்தில் மிதந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக மடுவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்று அவன் காலில் இடித்துவிட்டு வழி விலகிப் போனது.

காஞ்சி துணி அலசிய கல் அப்படியே இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில், ஈர மண்ணில், புதிதாக ஒரு கோரைக் குருத்து. விரல் நீளம்.

குருத்தை மிதிக்காமல் சுற்றிப் போனான்.

மடுவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். வேறு என்ன தெரியும் அவனுக்கு? முழுக் குரலையும் எடுத்து ஆரம்பித்தான்.

"ஏழு மலைக்கு அந்தப் பக்கம், எலும்பால கட்டின கோட்டையில ஒரு அரக்கன்…"

"மெதுவாப் பேசு" என்றது பூதம்.

வேம்பன் நிறுத்தினான். காது தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்தான். மறுபடியும் ஆரம்பித்தான்.

"ஒரு அரக்கன், அவனுக்குப் பத்துத் தலை…"

"மெதுவான்னு சொன்னேன்ல. இப்பத்தான் தூங்குறா."

அதே கல் உரசும் குரல்தான். ஆனால் தணிந்திருந்தது.

வேம்பனுக்கு எலும்புக் கோட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்த வரி வாயில் இல்லை. பின்னால் தண்ணீர் மூச்சு விடுவது கேட்டது. இத்தனை நாள் அந்த மூச்சு இருந்ததா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

கரையெல்லாம் கோரை. எல்லாம் யாரோ.

இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டான்.

திரும்பினான்.

முதலில் தன் விரல்களைத்தான் பார்த்தான். விரலாகத்தான் இருந்தன. அப்புறம் மெல்லக் கண்ணைத் தூக்கினான்.

பத்துத் தலை இல்லை. ஒன்றுதான். எருமைத் தோல் மாதிரி சாம்பல் நிறம், வைக்கோல் போர் அளவு பெரிசு, கழுத்து வரை தண்ணீரில் கிடந்தது. ஒரு கண் இறுக மூடியிருந்தது. இன்னொரு கண் இருக்க வேண்டிய இடத்தில் குழி. குழியிலிருந்து கறுப்பாக ஏதோ வடிந்துகொண்டிருந்தது.

மடுவின் அடியில் வெளிச்சம்.

தேங்காய் அளவு இருக்கும். மஞ்சளாக, அசையாமல் எரிந்தது. அதற்குப் பக்கத்தில் காஞ்சி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்துக்கு அடியில் கை. முடி மட்டும் தண்ணீரில் எழுந்து எழுந்து படுத்தது.

"அது என்ன வெளிச்சம்?" என்றான் வேம்பன். குரல் தானாகவே தணிந்திருந்தது.

"என் கண்ணு."

"உனக்குத்தான் வெளிச்சம் ஆகாதே."

"ஆகாது. அதான் ரெண்டையும் மூடியே வெச்சிருப்பேன்."

"பின்ன?"

"அவ தூங்கவே இல்ல" என்றது பூதம். "இருட்டுன்னா பயமாம். சொல்லிக்கிட்டே இருந்தா."

வேம்பன் காஞ்சியைப் பார்த்தான்.

வீட்டில் தினமும் விளக்கை ஊதி அணைப்பது அவன்தான். காஞ்சி அவனிடம் அதைச் சொன்னதே இல்லை. சொல்லியும் இருப்பாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான்.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

பூதம் யோசித்தது.

"ம்."

பனி இன்னும் கொஞ்சம் மேலே போனது. எதிர்க்கரை தெரிந்தது.

"கதை சொல்ல வந்தியே" என்றது பூதம். "சொல்லு."

வேம்பன் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுகிற அளவு சத்தம்தான்.

"ஒரு மடுவுல ஒருத்தன் இருந்தான். அவனுக்கு வெளிச்சம் ஆகாது. ஒரு பொம்பளயப் புடிச்சுக்கிட்டு வந்தான். அவ தூங்கல. அவன் தன் கண்ணைப் புடுங்கி அவ தலமாட்டுல வெச்சான்."

நிறுத்தினான். அவ்வளவுதான் இருந்தது.

பூதம் காத்திருந்தது. இவன் இன்னும் சொல்வான் என்று நினைத்ததோ என்னவோ.

"எதுக்கு?" என்றது கடைசியில். "எதுக்கு அப்படிப் பண்ணினான்?"

எப்போதும் என்றால் வேம்பனிடம் மூட்டை மூட்டையாகக் காரணம் இருக்கும். பெற்றவள், சித்தப்பன், முனிவன். வாயைத் திறந்தான். அந்தக் குழியைப் பார்த்தான்.

"தெரியல" என்றான்.

கடைசி மீன் இரண்டு பேருக்கும் நடுவில் நீந்தி மடுவுக்குள் போனது. கோரைகள் ஒன்றோடொன்று உரசின.

"எனக்கும் தெரியல" என்றது பூதம்.

அப்புறம் தண்ணீர் வடியத் தொடங்கியது. யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாக, சத்தமில்லாமல் வடிந்தது. ஊரில் யாருமே பார்த்திராத கல்படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசிப் படியில் காஞ்சி புரண்டு படுத்துக் கண்ணைத் திறந்தாள்.

பூதம் படியை விட்டு ஒதுங்கிக்கொண்டது.

வேம்பன் இறங்கப் போனான்.

"பாத்து" என்றது பூதம். "படி பூரா பாசி. அவளைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."