அணிலின் முப்பது கடலை

ஒரு காட்டில் கோடை தொடங்கினால் பந்தாட்டம் நடக்கும். வெல்லும் அணிக்கு அந்தப் பருவம் முழுக்க ஏரிக்கரை நாவல் மரம் சொந்தம்.

சென்ற ஆண்டு கீச்சி என்ற அணில், தன் கடலை முழுவதையும் ஒரே மானுக்குக் கொடுத்து அதைத் தன் அணிக்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே மானுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. மரம் கைவிட்டுப் போனது. கீச்சியின் குஞ்சுகள் கோடை முழுக்கக் காய்ந்த பட்டையைக் கொறித்தன. அதை நினைத்தாலே கீச்சிக்கு வயிறு எரியும்.

இந்த ஆண்டும் கீச்சிக்கும் நரிக்கும்தான் போட்டி. ஆளுக்கு மூன்று ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். ஏலம் நடத்தும் கரடி இருவருக்கும் ஆளுக்கு முப்பது கடலை எண்ணிக் கொடுத்தது.

"செலவாகாத கடலை ஆட்டம் முடிந்ததும் எனக்கே திரும்பிவிடும். நினைவிருக்கட்டும்!" என்றது கரடி.

கீச்சியின் காதில் அது விழுந்தது. மனதில் விழவில்லை. 'இந்த முறை ஏமாறமாட்டேன்' என்பது மட்டும்தான் அங்கே இருந்தது.

முதலில் மான் வந்தது. "பதினான்கு!" என்றது நரி. கீச்சி விட்டுவிட்டது. அந்த விலைக்கு அது சரிதான்.

அடுத்து முயல் வந்தது. கீச்சி எட்டு வரை ஏறியது. "ஒன்பது!" என்றது நரி.

முயல் திரும்பிப் பார்த்தது. "கீச்சி அக்கா, இன்னும் ஒன்று கூட்டிச் சொல்லுங்களேன்! உங்கள் அணியில் ஆடத்தான் எனக்கு ஆசை!"

கீச்சிக்கு மனம் உருகியது. ஆனாலும் கை மூடிக்கொண்டது. "அடுத்து இதைவிட மலிவாகக் கிடைக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

மூன்றாவதாகக் குரங்கு வந்தது. நரியிடம் ஏழே கடலைதான் மிச்சம். எட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குரங்கு கீச்சிக்குத்தான். பாவம், கீச்சியின் வாய் ஐந்தோடு நின்றுவிட்டது. "ஆறு!" என்று சொல்லி நரி குரங்கையும் தூக்கிக்கொண்டு போனது.

"முட்டாள் நரி! எல்லாவற்றையும் தொலைத்துவிட்டது! என்னிடம் ஒன்றுகூடக் குறையவில்லை!" என்று கீச்சி துள்ளிக் குதித்தது. பிறகுதான் சுற்றிலும் பார்த்தது.

மீதி இருந்தவர்கள் ஆமை, முள்ளம்பன்றி, பகலில் தூங்கும் ஆந்தை.

"ஆந்தைக்கு இருபது கடலை தருகிறேன்! நன்றாக ஆடுமா?" என்று பதறியது கீச்சி.

"இருபது கொடுத்தாலும் பகலில் அது தூங்கத்தான் செய்யும். ஒன்றே போதும்" என்றது கரடி.

ஆளுக்கு ஒரு கடலையில் அந்த மூவரும் கீச்சியின் அணியில் சேர்ந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. வைக்கோல் பந்து முள்ளம்பன்றியின் முதுகில் குத்திக்கொண்டு நின்றது. ஆமை நடுத்திடலுக்கு வந்து சேர்வதற்குள் முயல் ஐந்து கோல் போட்டுவிட்டது. ஆந்தை கடைசிவரை கண் திறக்கவில்லை.

கரடி வந்து மிச்சக் கடலையை அள்ளிக்கொண்டது. "அது நான் சேர்த்தது!" என்று கதறியது கீச்சி.

"சேர்த்து வைக்கவா கொடுத்தேன்? அணி சேர்க்கக் கொடுத்தேன், அம்மா" என்றது கரடி.

கீச்சி கூட்டுக்குத் திரும்பியது. "நாவல் பழம் எங்கே, அம்மா?" என்று குஞ்சுகள் ஓடி வந்தன. கீச்சி வெறும் கையை விரித்துக் காட்டியது.

போன முறை பட்ட சூட்டுக்குப் பயந்து, கொடுக்க வேண்டிய நேரத்திலும் கையை மூடிக்கொள்பவர், கையில் இருப்பதையும் சேர்த்தே இழப்பார்.